உள்ளத்துக்கு உரைகல் உண்டா?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் அடுத்தடுத்துத் திருட்டுப் போயின. தெருவாசிகள் கூடிப் பேசி, இரவுக் காவலுக்கு ஓர் ஆளை வைப்பது என்று முடிவு செய்தார்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மூன்று பேரிடம் விடப்பட்டது. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர். மருந்துக் கடைக்காரர் ஒருவர். மூன்றாவது ஆள் நான். கதை எழுதுகிறவனுக்கு மனிதர்களை எடை போடத் தெரியும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கை எனக்கும் இருந்தது என்பதை மறைப்பானேன்?

இரண்டு பேர் வந்தார்கள். முதலில் வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். மூடிப்போன பஞ்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். கன்னத்தில் ஒரு பழைய தழும்பு, கண்கள் சிவந்திருந்தன, உட்காரச் சொல்லியும் உட்காராமல் வாசற்படி ஓரமாகவே நின்றார். அடுத்தவர் இளைஞர். நெற்றியில் கீற்றாகத் திருநீறு. மடிப்புக் கலையாத சட்டை. கேட்டதற்கு மட்டும் பதில். அரை மணி நேரத்தில் காரியம் முடிந்தது. இளைஞரையே வைத்துக்கொள்வது என்று மூவரும் ஒரே மனதாகத் தீர்மானித்தோம்.

அன்று இரவு சாப்பிடும்போது என் மனைவி கேட்டாள்: "உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அந்தப் பெரியவரைக் குடிக்கிற பழக்கம் உண்டா என்று கேட்டீர்களே, அந்தப் பையனை ஏன் கேட்கவில்லை?"

"அவனைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை."

"இவரைப் பார்த்தால் தெரிந்ததாக்கும்?"

நான் மோர்ச் சாதத்தில் கவனமாக இருப்பது போல் குனிந்துகொண்டேன். அன்று காலையில் யாராவது என்னிடம் வந்து, 'உனக்கு மனிதர்களிடத்தில் ஓரவஞ்சனை உண்டா?' என்று கேட்டிருந்தால், இல்லை என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்திருப்பேன். அந்தச் சத்தியம் பொய்யாகவும் இருந்திராது. எனக்குத் தெரிந்தவரையில் அது உண்மை. எனக்குத் தெரியாதது எனக்குள்ளேயே இருந்தது என்பதுதான் சங்கடம்.

இந்தச் சின்ன விஷயத்தை நான் இத்தனை நாள் மறக்காமல் இருப்பதற்குக் காரணம், கலிபோர்னியாவில் இயற்றப்பட்ட ஒரு சட்டம். 2020-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் தேதி, மினியாபொலிஸ் நகரத்தில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர், கழுத்தை அழுத்திய ஒரு போலீஸ்காரரின் முழங்காலுக்குக் கீழே உயிர் விட்டார். ஒன்பது நிமிஷங்களுக்கு மேல் அந்த முழங்கால் எடுபடவில்லை. அதை உலகமே படமாகப் பார்த்தது. அந்தக் கொந்தளிப்பு அடங்குமுன், அதே ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி, கலிபோர்னியா கவர்னர் ஒரு மசோதாவில் கையெழுத்திட்டார். போலீஸ் உத்தியோகத்துக்கு வருகிறவருக்கு, வேலைக்குக் குந்தகமான உடற்கோளாறோ மனக்கோளாறோ இருக்கக்கூடாது என்று அந்த மாகாணத்துச் சட்டம் முன்பே சொல்லியிருந்தது. 2021 ஜனவரி முதல் அதோடு ஒன்று சேர்ந்துகொண்டது. இனம், பால், பிறந்த தேசம், மதம், உடற்குறை, பாலியல் நாட்டம் இவற்றைக் காரணமாக வைத்துப் பிறரை வெறுக்கும் பட்சபாதம் அவரிடம் இருக்கிறதா என்பதையும் மனோதத்துவ நிபுணர் சோதித்துச் சொல்ல வேண்டும். வெளிப்படையான பட்சபாதம் மட்டும் அல்ல, உள்ளே மறைந்து கிடப்பதையும் கண்டுபிடிக்க வழி செய்யுமாறு, போலீஸ் தேர்வுக்கும் பயிற்சிக்கும் விதிமுறை வகுக்கும் மாகாணக் கமிஷனுக்குக் கட்டளை.

படித்ததும் எனக்கு முதலில் உண்டானது மகிழ்ச்சி. மறுகணமே பயம். அந்த மேஜைக்கு எதிரே என்னை உட்கார வைத்தால் நான் தேறுவேனா?

அந்த நாட்டில் போலீஸ்காரரைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் புதிதல்ல. 1916-லேயே லூயிஸ் டெர்மன் என்ற பேராசிரியர் அதே கலிபோர்னியாவில், சான் ஹோசே நகரத்தில், போலீஸ் வேலைக்கும் தீயணைக்கும் வேலைக்கும் மனுப் போட்ட முப்பது பேரை அறிவுச் சோதனைக்கு உட்படுத்தினார். அப்போது கேட்ட கேள்வி, 'இவனுக்குப் புத்தி இருக்கிறதா?' என்பது. 1967-ல் ஜனாதிபதி நியமித்த ஒரு கமிஷன், மனநிலையையும் சோதிக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது. அப்போது கேள்வி, 'இவனுக்குச் சித்தம் ஸ்வாதீனத்தில் இருக்கிறதா?' என்று ஆயிற்று. இப்போது மூன்றாவது கேள்விக்கு வந்திருக்கிறார்கள்: 'இவன் நெஞ்சில் நியாயம் இருக்கிறதா?' முதல் கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டாவதற்கு வைத்தியம் துணை வரும். மூன்றாவதற்கு எதைக் கொண்டு அளப்பது?

இருக்கிற அளவுகோல்களில் பழையது மின்னசோட்டா சர்வகலாசாலையில் பிறந்தது, 1943-ல் வெளியாயிற்று. சரி, தவறு என்று குறி போட வேண்டிய வாக்கியங்களின் வரிசை. 1989-ல் திருத்தியமைத்த பதிப்பில் 567 வாக்கியங்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. மனிதராய்ப் பிறந்த எல்லோருக்கும் பொதுவான அற்பக் குற்றங்களை ஒப்புக்கொள்ளச் சொல்லும் சில வாக்கியங்களை நடுநடுவே தூவி வைத்திருக்கிறார்கள். 'நான் சில சமயம் பிறரைப் பற்றிப் புறம் பேசுவதுண்டு' என்கிற மாதிரி, உதாரணம் என்னுடையது. இப்படிப்பட்டவற்றுக்கெல்லாம் ஒருவர் 'தவறு, தவறு' என்று குறி போட்டுக்கொண்டே போனால், அவரை மகான் என்று சோதனை முடிவு கட்டுவதில்லை. மறைக்கிறார் என்று சந்தேகிக்கிறது. நம் ஊர்க் கல்யாணத் தரகர்கள்கூட இந்த நுட்பத்தை அறிவார்கள். பையனுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொன்னால் பெண் வீட்டார் எழுந்து போய்விடுவார்கள்.

ஆனால் இது பொய்யை மோப்பம் பிடிக்கும், பட்சபாதத்தைப் பிடிக்குமா? 'இந்த இனத்தாரை உனக்குப் பிடிக்குமா?' என்று நேரே கேட்டால், வேலை வேண்டும் என்கிறவன் என்ன பதில் சொல்வான் என்பது குழந்தைக்கும் தெரியும். அயோக்கியன் தயங்காமல் 'எல்லோரும் எனக்குச் சமம்' என்பான். யோக்கியன்தான் சற்று யோசித்து, 'சிறு வயதில் எங்கள் வீட்டில் அவர்களைப் பற்றித் தாழ்வாகப் பேசுவார்கள். அது என்னிடம் முழுவதும் போய்விட்டதா என்று தெரியவில்லை' என்பான். எந்த மனிதன் கையில் நான் துப்பாக்கியைக் கொடுப்பேன் என்று எனக்குத் தெரியும். பரீட்சைத் தாளுக்குத் தெரியுமா?

சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள தூரத்தைக் காட்டும் ஒரு பழைய வேடிக்கை உண்டு. ரிச்சர்ட் லாபியர் என்ற அமெரிக்க ஆசிரியர், சீனத் தம்பதியர் இருவருடன் 1930-க்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் அந்த நாடு முழுவதும் காரில் சுற்றினார். சீனர்களிடம் அமெரிக்கர்களுக்கு வெறுப்பு மிகுந்திருந்த காலம் அது. 251 ஹோட்டல்களிலும் சாப்பாட்டு விடுதிகளிலும் நுழைந்தார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் இடமில்லை என்றார்கள். பிற்பாடு லாபியர் அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, 'சீனர்களை ஏற்றுக்கொள்வீர்களா?' என்று கேட்டார். 128 இடங்களிலிருந்து பதில் வந்தது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல், 'மாட்டோம்'! 1934-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். கடிதத்துக்குப் பதில் போட்டவரும் வாசலில் வரவேற்றவரும் ஒரே ஆளா என்று கேட்கலாம், கேட்டும் இருக்கிறார்கள். இருந்தாலும் விஷயம் நெஞ்சில் தைக்கிறது. காகிதத்தில் வெறுக்கிறவன் நேரில் நாற்காலி போடுகிறான். அப்படியானால் காகிதத்தில் நேசிக்கிறவன் நேரில் என்ன செய்வான்? திருநீற்றுக்கு ஒரு கேள்வியும் தழும்புக்கு ஒரு கேள்வியும் வைத்திருந்த என்னைக் காகிதத்தில் சோதித்திருந்தால், நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பேன்.

சொல்லை நம்ப முடியாது என்றால், சொல்லுக்கு முந்தியதைப் பிடிக்கலாம் என்று ஒரு முயற்சி நடந்தது. 1998-ல் ஆந்தனி கிரீன்வால்டு என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் திரையில் முகங்களும் நல்ல சொற்களும் கெட்ட சொற்களும் மாறி மாறித் தோன்றும். அவற்றை இரண்டு பொத்தான்களால் இரு கூறாகப் பிரிக்க வேண்டும். ஒருமுறை வெள்ளை முகத்துக்கும் நல்ல சொல்லுக்கும் ஒரே பொத்தான். மறுமுறை கறுப்பு முகத்துக்கும் நல்ல சொல்லுக்கும் ஒரே பொத்தான். எந்த ஜோடியில் விரல் தயங்குகிறது என்பதைக் கடிகாரம் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை கணக்கிடும். நாக்கு பொய் சொல்லலாம், விரல் சொல்லாது என்பது எண்ணம். இந்தச் சோதனையை உலகெங்கும் பரப்பியவர்களில் முக்கியமானவர் மஹ்சரின் பானாஜி என்ற அம்மையார். நம் செகந்தராபாத்தில் பிறந்தவர். கறுப்பு முகத்தைத் தாழ்வாக எண்ணாதவர்கள் என்று தங்களைப் பற்றி மனமார நம்பியிருந்த எத்தனையோ பேருக்கு, விரல் வேறு கதை சொல்லிற்று.

ஒரு நாள் நானும் அந்தச் சோதனையில் உட்கார்ந்து பார்த்தேன். முடிவு என்ன என்று நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். மறு வாரம் உட்கார்ந்தபோது முடிவு கொஞ்சம் மாறியிருந்தது. ஒரே ஆளுக்கு இருவேறு நாளில் இருவேறு முடிவு வருவது சகஜம்தான். இதை வைத்து ஒரு தனி மனிதனை 'இவன் ஓரவஞ்சனைக்காரன்' என்று முத்திரை குத்தக்கூடாது என்று, சோதனையை உண்டாக்கியவர்களே 2015-ல் எழுதியும் இருக்கிறார்கள். ஊர் முழுவதும் வெயில் எவ்வளவு என்று சொல்ல உதவும் கருவி, இந்த மனிதனுக்கு ஜுரமா என்று சொல்லாது. தாங்கள் செய்த கருவியின் எல்லையைத் தாங்களே சொன்ன அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு, 'அப்படியானால் சோதனையே வேண்டாம் என்கிறாயா?' என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. மனத்தில் இருப்பதற்காக ஒருவனைத் தண்டிக்கக் கூடாது என்ற நியாயத்தை நான் முழு மனதோடு நம்புகிறேன். எண்ணத்துக்குத் தண்டனை என்று வந்தால் ஊரில் வெளியே இருக்க ஆள் மிஞ்ச மாட்டார்கள். ஆனால் ஒருவனைச் சிறையில் அடைப்பது வேறு. அவன் கையில் துப்பாக்கியைக் கொடுக்காமல் இருப்பது வேறு. உத்தியோகம் கிடைக்காதது ஏமாற்றம்தான். அதைத் தண்டனை என்று சொல்ல முடியாது. டீக்கடைக்காரரின் மனத்தில் காழ்ப்பு இருந்தால் ஒருவருக்கு ஆறிப்போன டீ கிடைக்கும். அந்தக் காழ்ப்பே இருட்டில் காரை நிறுத்தச் சொல்லும் போலீஸ்காரரின் மனத்தில் இருந்தால், கார்க்காரர் சட்டைப் பைக்குள் கையை விடுவது லைசென்சை எடுக்கவா, வேறு எதையாவது எடுக்கவா என்று அரை வினாடியில் அது தீர்ப்புச் சொல்லும். அப்பீல் இல்லாத தீர்ப்பு. இருபத்தொரு வயதுப் பையன் ஒருவனுக்கு வேலை போகிறதே என்று இரக்கப்படுகிறவர்கள், அந்தக் கார்க்காரரின் வயதையும் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

என் தயக்கம் வேறு இடத்தில். வாசலில் ஒரு சோதனையை வைத்துவிட்டு, வடிகட்டி அனுப்பிவிட்டோம் என்று உள்ளே இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்களோ என்பதுதான். இதற்குச் சரித்திரத்தில் சாட்சியம் இருக்கிறது.

1991 மார்ச் 3-ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் போலீஸார் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைத் தெருவில் போட்டு அடித்தார்கள். எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒருவர் அதைப் படமெடுத்தார். பிற்காலத்தில் அமெரிக்க அயல்நாட்டு மந்திரியான வாரன் கிறிஸ்டபரின் தலைமையில் ஒரு விசாரணைக் கமிஷன் அமர்ந்தது. அந்த அறிக்கை அதே ஆண்டு ஜூலையில் வெளிவந்தது. நாவலாசிரியன் ஒருவன் பொறாமைப்படக்கூடிய விவரங்கள் அதில் இருக்கின்றன. 1986 முதல் 1990 வரை அளவு மீறி அடித்ததாகவோ முறைகேடாக நடந்ததாகவோ புகாருக்கு உள்ளானவர்கள் சுமார் 1,800 பேர். அவர்களில் 1,400 பேருக்கு மேல் ஒன்றிரண்டு புகாரோடு நின்றவர்கள். ஆனால் ஆறும் அதற்கு மேலும் வாங்கியவர்கள் 44 பேர். ஒரே ஒருவர் மேல் பதினாறு! அந்த 44 பேரும் யார் என்று இலாகாவின் கம்ப்யூட்டருக்கே தெரியும். அவர்களைப் பற்றி மேலதிகாரிகள் ஆண்டுதோறும் எழுதிய குறிப்புகளைக் கமிஷன் எடுத்துப் பார்த்தது. எல்லாம் ஒரே புகழ்ச்சி. நல்ல உழைப்பாளி, நல்ல எதிர்காலம் உள்ளவர் என்ற வகை.

இன்னொன்று. ரோந்துக் கார்களில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் கம்ப்யூட்டர் வழியாக அனுப்பிக்கொண்ட செய்திகளையும் கமிஷன் வாசித்தது. இன வெறுப்பு நிறைந்த கேலிகள், அடித்ததைப் பற்றிய பெருமைகள். இரகசியமாகக் காதோடு காதாகச் சொன்னவை அல்ல. தாமே விரலால் தட்டி, பதிவாகும் என்று தெரிந்தே அனுப்பியவை. மேலதிகாரிகள் பார்க்க நினைத்திருந்தால் எந்த நாளும் பார்த்திருக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள் என்ற துணிச்சல்தான். மறைந்து கிடக்கும் பட்சபாதத்தை வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் தேடுகிறோம். இங்கே அது வாக்கியம் வாக்கியமாகத் திரையில் ஓடியிருக்கிறது!

சேரும்போது நடத்தும் மனோதத்துவப் பரீட்சையை வைத்து, பின்னால் யார் கை நீட்டுவார் என்று சொல்ல முடியவில்லை என்றும் அந்தக் கமிஷன் கண்டது. வருகிறவரின் பழைய நடத்தையை விசாரிப்பதில் கவனம் செலுத்துங்கள், வேலையில் இருப்பவர்களையும் அவ்வப்போது மறுபடி சோதியுங்கள் என்றது. நல்லவனாக உள்ளே போகிறவனை வேலையே மாற்றிவிடக்கூடும் அல்லவா? தினந்தோறும் திருடனையும் குடிகாரனையும் மட்டுமே சந்திக்கிற கண், எதிரே வருகிற எல்லோரையும் அப்படியே பார்க்கப் பழகிவிடுகிறது. மருந்துக் கடை நண்பர் எந்த முகத்தைப் பார்த்தாலும் என்ன வியாதி என்று யோசிப்பதைப் போல.

இந்த இடத்தில் எனக்குத் திருக்குறளின் நினைவு வந்தது. 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, ஆளைச் சோதித்து வேலைக்கு எடுப்பதற்கு. அறம், பொருள், இன்பம், உயிர் பற்றிய அச்சம் என்று நான்கு சோதனைகள். இவற்றை எப்படி நடத்துவது என்று பரிமேலழகர் விளக்கும்போது, ஆட்களை ஏவி ஆசை காட்டியும் பயமுறுத்தியும் பார்க்கும் வழியைச் சொல்கிறார். அர்த்தசாஸ்திரத்தில் உள்ள முறை அது. அந்தக் கௌடில்யரே ஓர் எச்சரிக்கையும் செய்கிறார்: கெடாத மனத்தைச் சோதனையால் கெடுத்துவிடாதே, அது நல்ல தண்ணீரில் விஷத்தைக் கலப்பது போலாகும், பிறகு மாற்று மருந்து கிடைக்காமலும் போகலாம் என்று. நான்கு சோதனைகளும் மன்னனுக்கு விசுவாசம் இருக்கிறதா என்று பார்ப்பவைதாம். குடிமகனிடத்தில் நியாயமாக நடப்பானா என்று பார்க்க ஐந்தாவது சோதனை ஒன்று அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை. அந்த வகையில் கலிபோர்னியாக்காரர்கள் ஒரு படி முன்னே போயிருக்கிறார்கள்.

தெளிந்து எடுத்துக்கொண்ட பின் சந்தேகப்படாதே என்று முடிகிறது அந்த அதிகாரம். கிறிஸ்டபர் கமிஷனோ எடுத்த பின்னும் பார் என்கிறது. வள்ளுவரோடு முரண்படுகிறதே என்று சற்று நேரம் கலங்கினேன். அடுத்த அதிகாரத்தின் கடைசிக் குறளைப் பார்த்த பிறகு கலக்கம் தீர்ந்தது. வேலை செய்கிறவனை மன்னன் தினந்தோறும் ஆராய வேண்டும், அவன் கோணாதிருந்தால் உலகம் கோணாது என்கிறார் அவரும். ஆளைச் சந்தேகிக்காதே, செய்கையைப் பார்த்துக்கொண்டிரு. ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செய்கைதான் உரைகல் என்றும் முன்பே சொல்லி வைத்திருக்கிறார். கம்ப்யூட்டர் பதினாறு புகார்களைக் காட்டியபோது, உரைகல்லில் கீறல் பளிச்சென்று தெரிந்தது. பார்க்க வேண்டியவர்கள் பாராட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு பகுதி இருக்கிறது. என்னைக் கேட்டால் சோதனையைவிட அது பெரிது. போலீஸ் வேலைக்கு ஆள் தேவை என்று விளம்பரம் செய்யும்போது, அந்த உத்தியோகத்தை வர்ணிக்கும் வாசகங்களைத் திருத்த வேண்டும் என்கிறது அது. படைவீரன் தோரணையைக் குறைத்து, ஜனங்களோடு பழகுவதையும் கூடிப் பேசிச் சிக்கலைத் தீர்ப்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டுமாம். கதவில் எந்தப் பலகையை மாட்டுகிறோமோ அதற்கு ஏற்ற ஆள்தானே வருவான்! வேட்டைக்காரன் தேவை என்று எழுதி வைத்துவிட்டு, வந்தவனிடம் ஜீவகாருண்யப் பரீட்சை வைப்பதில் என்ன பிரயோஜனம்?

சோதிக்கிறவரை யார் சோதிப்பது என்ற கேள்வியும் இருக்கிறது. இதைப் பற்றிப் பெரிய பெரிய வாதங்கள் எல்லாம் எனக்குத் தெரியாது. என் வீட்டு வாசலில் நடந்தது தெரியும். நாங்கள் மூன்று பேர். மூவரும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே விதமான படிப்பு, ஒரே விதமான வீடு. 'ஒரே மனதாக' என்று பெருமையோடு மேலே எழுதினேனே, கோளாறு அங்கேதான் இருந்தது. தழும்பைப் பார்த்து அருவருக்காத ஒருவர் எங்களோடு உட்கார்ந்திருந்தால், அந்தக் கேள்வியை இரண்டு பேரிடமும் கேட்டிருப்பார்; அல்லது இரண்டு பேரிடமும் கேட்டிருக்க மாட்டார். அப்படி ஒருத்தி உள்ளே அடுக்களையில் இருந்தாள். அவளைக் கூப்பிட வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

நாங்கள் நியமித்த இளைஞரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எட்டு மாதம் இருந்தார். நல்ல சம்பளத்தில் வேறு இடம் கிடைத்ததும் சொல்லிக்கொண்டு போனார். அந்தப் பெரியவர் இப்போது எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டியில் இளநீர் விற்கிறார். வெயில் நாட்களில் வாங்குவேன். என்னை அவருக்கு நன்றாக அடையாளம் தெரியும்.

"இப்போ உங்க தெருவிலே திருட்டுப் பயம் இல்லையே, சார்?" என்று ஒரு நாள் கேட்டார்.

"இல்லை, பெரியவரே" என்றேன்.

காயைச் சீவி, மேலே சின்னதாய் ஒரு துளை போட்டு, இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். கண்கள் அன்று போலவே சிவந்திருந்தன. ஏன் என்று இதுவரை நான் கேட்கவில்லை.